குறடு முதல் கருக்கு உளி வரை: புதிதாகக் கொல்லுப் பட்டறை போடுகிறவர்களுக்கு

கொல்லுப் பட்டறை போட ஆசைப்பட்டு வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது பட்டடையை, அதாவது இரும்பை வைத்து அடிக்கும் அடிக்கட்டியைப் பற்றித்தான். எத்தனை கிலோவில் வாங்கலாம், எங்கே கிடைக்கும், என்ன விலை ஆகும் என்பார்கள். நான் பதிலுக்கு ஒன்றுதான் கேட்பேன்: "குறடு என்ன வெச்சிருக்கீங்க?" பெரும்பாலும் அதற்குப் பதில் இருக்காது. பழைய இரும்புக் கடையில் எடுத்த ஒரே ஒரு குறடு இருக்கும். அது எந்தக் கம்பியையும் ஒழுங்காகப் பிடிக்காது.

உலை, ஊதுவதற்குத் துருத்தியோ கையால் சுற்றும் புளோவரோ, ஒரு பட்டடை, ஒரு கிலோ எடையில் சுத்தியல், ஒரு வாளித் தண்ணீர். இவ்வளவு இருந்தால் இரும்பை அடிக்கத் தொடங்கிவிடலாம். நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கட்டத்தை. ஒரே ஒரு வேலைக்கென்று இருக்கிற கருவிகள் உண்டு. அவை இல்லாமலும் வேலை நடக்கும், ஆனால் அவை வந்த நாளிலிருந்து கையின் வலி பாதியாகக் குறையும். அவற்றில் பாதிக்கு மேல் நீங்களே அடித்துக்கொள்ளலாம். தச்சருக்கு உளி அடித்துக் கொடுப்பவர் கொல்லர். கல்தச்சருக்கும் அவர்தான். கொல்லருக்கு வேண்டியதை மட்டும் அவரேதான் அடித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பழக்கம் முதல் மாதத்திலேயே வந்துவிட்டால் நல்லது.

தொடங்கும் முன் நான்கு விஷயம்

பட்டடைக்கு (சில ஊர்களில் அடைகல் என்பார்கள்) தண்டவாளத் துண்டு போதும். நம் ரயில்வேயில் இப்போது ஓடும் தண்டவாளம் மீட்டருக்கு 52 கிலோ, அல்லது 60 கிலோ. அரை மீட்டர் துண்டு கிடைத்தாலே முப்பது கிலோ வரை வந்துவிடும். அதைப் படுக்கப் போடாமல் செங்குத்தாக நிறுத்தி, பாதியை மரக்கட்டையில் இறக்கிப் பாருங்கள். அடிபடும் முகம் சிறியதுதான், ஆனால் முழு எடையும் சுத்தியலுக்கு நேர் கீழே நிற்கும். படுத்த தண்டவாளம் நடுவில் மெலிந்திருப்பதால் அடிக்கு அடி அதிரும். ஒன்றை மறக்காதீர்கள்: ரயில்வே சொத்தைக் கணக்கில்லாமல் வைத்திருப்பது 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஏலத்தில் எடுத்த பழைய இரும்பு வியாபாரியிடம் ரசீதோடு வாங்குங்கள்.

புதுப் பட்டடை வாங்குவதானால் கையில் ஒரு பேரிங் குண்டு கொண்டுபோங்கள். ஓர் அடி உயரத்திலிருந்து முகத்தின் மேல் விடுங்கள். முக்கால் உயரத்துக்காவது எழும்பினால் எஃகு முகம். தொப்பென்று விழுந்து அங்கேயே கிடந்தால் அது வெறும் வார்ப்பிரும்பு, பெயின்ட் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

நின்று வேலை செய்கிறவர்களுக்குப் பட்டடையின் உயரம், கையைத் தொங்கவிட்டு முஷ்டி மடக்கினால் விரல் கணு படும் உயரம். உலையை வெயில் நேராக விழாத இடத்தில் வையுங்கள். இரும்பின் சூட்டை நிறத்தை வைத்துத்தான் படிக்கிறோம். வெயிலில் செம்பழுப்பும் கறுப்பும் ஒன்றுபோலத் தெரியும்.

அப்புறம் உடம்பு. பருத்தித் துணி, மூடிய தோல் செருப்பு, கண்ணாடி. பாலியெஸ்டர் சட்டையில் பொறி விழுந்தால் அது தோலோடு உருகி ஒட்டும். துத்தநாகம் பூசிய தண்ணீர்க் குழாய், ஜிஐ கம்பி எதையும் உலையில் போடாதீர்கள், அந்த வெள்ளைப் புகை காய்ச்சலில் படுக்க வைத்துவிடும். வண்டியின் ஷாக் அப்சார்பர் போல இரண்டு பக்கமும் மூடிய எதுவும் உலைக்கு அருகில்கூட வரக் கூடாது. உள்ளே அடைபட்டது சூடேறினால் வெடிக்கும்.

முதலில் குறடு

நான் தொழில் கற்ற பட்டறையில் இருந்த பெரியவரை ஊர் ஆசாரி என்று கூப்பிடும், நான் பெரியப்பா என்பேன். முதல் வாரம் நான் ஒரு கொக்கி அடித்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது அடியில் கம்பி திரும்பிக்கொள்ளும், நான் குறட்டை இன்னும் இறுக்குவேன், மறுபடி திரும்பும். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நிறுத்து தம்பி. குறடு பிடிக்கல. நீதான் பிடிச்சுக்கிட்டு இருக்க." சாயங்காலம் என் இடது முன்கை விறைத்துப்போய் டம்ளரைக்கூடத் தூக்க முடியவில்லை.

குறடு என்றால் ஒன்றல்ல. தட்டைப் பட்டைக்குத் தட்டை வாய், உருண்டைக் கம்பிக்கும் சதுரக் கம்பிக்கும் உள்ளே 'வி' வெட்டின வாய், அகலமான பட்டை பக்கவாட்டில் நழுவாமல் இருக்க ஓரம் மடித்த வாய். இந்த மூன்றும் முதல் வருடத்துக்குப் போதும். ஒவ்வொன்றையும் நீங்கள் அதிகம் அடிக்கும் கனத்துக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும். 10 மில்லிமீட்டர் கம்பிக்குப் பொருத்திய குறடு 16 மில்லிமீட்டர் கம்பியை நுனியில் மட்டும் கவ்வும். அது பிடி ஆகாது.

பொருத்துவது எப்படி என்று சொல்கிறேன். கடையில் கிடைக்கும் மலிவான குறடே போதும். அதன் வாயை உலையில் வைத்து நல்ல ஆரஞ்சு நிறம் வரும்வரை சூடாக்குங்கள். நீங்கள் அடிக்கப்போகும் அதே கனமுள்ள குளிர்ந்த துண்டு ஒன்றை வாய்க்குள் வையுங்கள். இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே, ஆணிக்குச் சற்றுப் பின்னால், விரல் கனத்துக்கு ஓர் இரும்புத் துண்டை இடையில் கொடுங்கள். இப்போது குறட்டைப் பட்டடையில் படுக்க வைத்து வாயின் மேல் தட்டுங்கள். திருப்பிப் போட்டு மறுபக்கமும் தட்டுங்கள். வாய் இரண்டும் துண்டின் முழு நீளத்துக்கும் ஒட்டி உட்காரும். சரியாக அமைந்ததா என்று பார்க்க, துண்டைப் பிடித்துக்கொண்டு வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பாருங்கள். வாய்க்கும் துண்டுக்கும் இடையில் ஒளிக்கீற்று தெரியக் கூடாது. கைப்பிடிகள் உள்ளங்கைக்குள் அடங்கும் இடைவெளியில் இருக்க வேண்டும். மிகவும் அகன்றால் கை சோரும், ஒன்றையொன்று தொட்டால் இறுக்க இடம் இருக்காது.

முடிந்ததும் அப்படியே கீழே வைத்துவிடாதீர்கள். ஆறும்வரை திறந்து மூடிக்கொண்டே இருங்கள், இல்லாவிட்டால் ஆணி இறுகிவிடும். சாதா இரும்பில் செய்த குறட்டைச் சூடேறும்போது தண்ணீரில் முக்கலாம். எஃகில் செய்ததை முக்கினால் வாயில் விரிசல் விழும், அது வேலைக்கு நடுவில் உடையும்.

இதோடு ஒரு வளையம் செய்துகொள்ளுங்கள். 6 மில்லிமீட்டர் கம்பியை நீள்வட்டமாக வளைத்தால் ஆயிற்று. குறட்டின் கைப்பிடிகளில் அதைப் பின்னாலிருந்து தள்ளினால் பிடி தானாக இறுகி நிற்கும். உங்கள் இடது கை அதன்பின் திருப்பும் வேலையை மட்டும் பார்த்தால் போதும்.

நிற்கிற உளி

பட்டடையின் சதுரத் துளையில் வாய் மேலே பார்த்தபடி நிற்கும் உளி இது. சூடான கம்பியை இதன் மேல் வைத்து மேலிருந்து தட்டினால் துண்டாகும். தனியாளாக வேலை செய்கிறவருக்கு இது தங்கம். ஒரு கையில் குறடு, மறு கையில் சுத்தியல், உளியைப் பிடிக்க மூன்றாவது கை தேவையில்லை.

நம் ஊர்ப் பழைய பட்டடைகளில் பெரும்பாலும் துளையும் இருக்காது, கொம்பும் இருக்காது, வெறும் சதுரக் கட்டிதான். தண்டவாளத்திலும் அதே கதை. கவலை வேண்டாம். பக்கத்தில் தனியாக ஒரு மரக்கட்டையை நட்டு, அதில் ஒரு கனத்த சதுரக் குழாயை இறக்கிவிட்டால் அதுதான் துளை. வேல மரக் கட்டை நன்றாகத் தாங்கும்.

உளிக்கு லாரிப் பட்டைத் துண்டு, அதாவது லாரி ஸ்பிரிங்கில் அடுக்காக இருக்கும் எஃகுப் பட்டை, சரியாக இருக்கும். மூன்று விரல் உயரத்துக்கு வெட்டி, மேல் ஓரத்தை இரண்டு பக்கமும் சரித்துக் கூராக்கி, கீழே சதுரக் கம்பியை வெல்டிங் வைத்துக்கொள்ளுங்கள். வெல்டிங் வைத்த பிறகு மொத்தத்தையும் ஒருமுறை செந்நிறத்துக்குச் சூடாக்கிக் காற்றில் ஆறவிடுங்கள். ஒட்டு இருக்கும் இடத்தின் முறுக்கு அப்போதுதான் போகும். சூடான இரும்பை மட்டும் வெட்டுவதால் இதற்குத் தனியாகத் தோய்ச்சல் (சூடாக்கிச் சட்டென்று முக்கிக் கடினமாக்குவது) வேண்டாம்.

வெட்டும்போது கடைசிவரை அடிக்காதீர்கள். கம்பியைத் திருப்பித் திருப்பி வெட்டி, நடுவில் தீக்குச்சிக் கனம் மிஞ்சும்போது எடுத்துப் பட்டடை ஓரத்தில் வைத்து ஒரு தட்டு. விழுந்துவிடும். உளியின் மேல் கடைசி அடியும் அடித்தால் சுத்தியல் முகமும் உளி வாயும் சேர்ந்து கெடும். வெட்டி முடிந்த கையோடு உளியைக் கழற்றிக் கீழே வைத்துவிடுங்கள், ஒரு நிமிடத்தில் மறுபடி தேவைப்படும் என்றாலும். என் சுண்டுவிரல் ஓரத்தில் இரண்டு அங்குலத் தழும்பு இருக்கிறது. அன்றைக்கு நான் கழற்றாமல் விட்டேன்.

சங்கிலி

செலவே இல்லாத கருவி இது. பழைய பைக் செயின் ஒன்றை எடுத்து ஒரு முனையைப் பட்டடைக் கட்டையின் மறுபக்கத்தில் ஆணியடித்துப் பொருத்துங்கள். செயினைப் பட்டடையின் குறுக்கே போட்டு, இந்தப் பக்கம் தொங்கும் முனையில் நாலைந்து கிலோ எடையைக் கட்டுங்கள், அல்லது காலால் மிதிக்க ஒரு வளையம் வையுங்கள். சூடான துண்டின் மேல் செயின் படிந்து அழுத்தும். இனி ஒரு கையில் உளி, மறு கையில் சுத்தியல். துளை போடவும் பூவேலைக்குக் கோடு வெட்டவும் சம்மட்டியாள் இல்லாத பட்டறையில் இதுதான் ஆள்.

சம்மட்டியாள் இருந்தால் அவரோடு ஒரு மொழியைப் பழகிக்கொள்ள வேண்டும். சின்னச் சுத்தியலால் நீங்கள் தொட்ட இடத்தில் அவர் அடிப்பார், நீங்கள் பட்டடையின் மேல் வெறுமனே தட்டினால் நிறுத்திவிடுவார். உலைச் சத்தத்தில் வாயால் சொல்வது கேட்காது.

காம்புத் துளைக்கு

கோடரி, மண்வெட்டி, களைக்கொத்து என்று காம்பு மாட்டும் எதைச் செய்வதானாலும் இரண்டு கருவி தேவை. துளையைத் திறக்க ஒரு தட்டைமுனைத் துளைப்பான், அதைக் காம்பின் அளவுக்கு விரிக்க ஒரு முளை. முளை நடுவில் தடித்து இரண்டு முனையிலும் மெலிந்திருக்க வேண்டும். அப்போதுதான் ஒரு பக்கம் அடித்தால் மறுபக்கம் கழன்று விழும். அதன் நடுப்பகுதியின் வடிவம் எதுவோ அதுவே கோடரியின் துளை வடிவம். ஆகவே முளையை அடிக்கும் முன் உங்கள் ஊரில் விற்கும் காம்பை ஒன்று வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

துளை போடும்போது ஒரு பக்கத்திலிருந்தே கடைசிவரை இறக்கக் கூடாது. முக்கால் ஆழம் போனதும் துளைப்பானை எடுத்துவிட்டு இரும்பைத் திருப்பிப் போடுங்கள். சிவந்த முகத்தில் ஓரிடம் மட்டும் கறுத்துத் தெரியும். துளைக்கு அடியில் மெலிந்துபோன இரும்பு பட்டடையைத் தொட்டுச் சீக்கிரம் ஆறிவிட்டதால் வந்த கறுப்பு அது. அந்தக் கறுப்பின் நடுவில் துளைப்பானை வைத்து ஓர் அடி, ஒரு சின்ன வில்லை கீழே உதிரும். முதன்முதலில் அது உதிர்வதைப் பார்த்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை இன்னும் மறக்கவில்லை.

மூன்று அடிக்கு ஒருமுறை துளைப்பானை வெளியே எடுத்து ஆற்றுங்கள். துளைக்குள் ஒரு சிட்டிகை கரித்தூள் போட்டால் ஒட்டிக்கொள்ளாமல் வெளியே வரும்.

காந்தமும் எண்ணெயும்

பழுதான ஸ்பீக்கரில் இருக்கும் வட்டக் காந்தத்தைக் கழற்றி உலைக்குப் பக்கத்தில் கம்பியில் தொங்கவிடுங்கள். எஃகு 770 டிகிரி செல்சியஸ் வாக்கில் காந்தத்தில் ஒட்டாமல் போகும். நிறத்தைப் படிக்கக் கண் பழகும்வரை இந்தக் காந்தம்தான் உங்கள் ஆசான். ஒட்டாமல் போனதற்குப் பிறகு இன்னும் கொஞ்சம், நிறத்தில் ஒரு சாயல் மட்டும் கூடும் அளவுக்குச் சூடாக்கித் தோய்க்க வேண்டும். அதைத் தாண்டி மஞ்சள் நிறத்துக்குப் போய்த் தோய்த்தால் எஃகுக்குள் இருக்கும் நுண்மணிகள் பருத்துவிடும், அரிவாள் கண்ணாடிபோல உடையும்.

லாரிப் பட்டையைத் தண்ணீரில் தோய்த்தால் விரிசல் விழ வாய்ப்பு அதிகம். கடலை எண்ணெய் போன்ற சமையல் எண்ணெய் போதும். முதலில் ஒரு சூடான இரும்பைப் போட்டுக் கை பொறுக்கும் அளவைவிடச் சற்று வெதுவெதுப்பாக்கிக்கொள்ளுங்கள். சூடான எண்ணெய் இளகியிருக்கும், சீராக ஆற்றும். பாத்திரம் இரும்பாக இருக்க வேண்டும், மூடி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் மூடியைப் போட்டால் அடங்கும், தண்ணீர் ஊற்றக் கூடாது. வண்டியில் வடித்த கழிவு ஆயிலைப் பயன்படுத்துகிறவர்கள் உண்டு. அந்தப் புகை நெஞ்சுக்கு நல்லதல்ல, வேண்டாம்.

கருக்கு உளி

கடைசியாக எனக்கு மிகவும் பிடித்த கருவி. கடையில் விற்காது. உள்ளங்கைக்குள் அடங்கும், விரல் அகல வாயுள்ள சின்ன உளி. இதன் வேலை ஒன்றே ஒன்று: நெல் அறுக்கும் கருக்கரிவாளுக்குப் பல் வெட்டுவது. அறுவடை மெஷின் வந்த பிறகு இந்த வேலை குறைந்துவிட்டது. ஆனாலும் மெஷின் இறங்காத சேற்று வயலுக்கும் புல் அறுக்கவும் கருக்கரிவாள் வேண்டும். கையால் வெட்டிய பல்லின் அறுப்பை ஒருமுறை பார்த்தவர்கள் வேறு கேட்க மாட்டார்கள்.

உளியை இப்படிச் செய்யுங்கள். கார் காயில் ஸ்பிரிங்கில் ஒரு சாண் நீளம் வெட்டிச் சூடாக்கி நிமிர்த்துங்கள். ஒரு முனையைத் தட்டி மெலிதாக்குங்கள். செந்நிறத்துக்குக் கொண்டுபோய்ச் சாம்பலில் புதைத்து ஒரு ராத்திரி விடுங்கள். காலையில் அரம் இழுத்தால் வெண்ணெய்போலப் போகும். வாயை நேர்க்கோடாக அராவிக் கூராக்குங்கள்.

இனித் தோய்ச்சல். வாயிலிருந்து நான்கு விரல் அளவுக்குச் செர்ரிப் பழச் சிவப்புக்குச் சூடாக்கி, காந்தத்தில் பார்த்துக்கொண்டு, நுனி ஒன்றரை விரல் மட்டும் எண்ணெயில் இறக்குங்கள். மேலும் கீழுமாக மெல்ல ஆட்டுங்கள். ஒரே கோட்டில் நிறுத்தினால் அந்தக் கோட்டிலேயே பின்னாளில் உடையும். நுனி கறுத்ததும் வெளியே எடுத்து, எண்ணெயைத் துடைத்து, ஒரு சாணைக்கல் துண்டால் முகத்தைச் சட்டென்று தேயுங்கள், வெள்ளியாகப் பளிச்சிடும்வரை. இப்போது கண்ணை எடுக்காமல் பாருங்கள். பின்னால் மிச்சமிருக்கும் சூடு நுனியை நோக்கி ஊரும். பளிச்சென்ற இரும்பின் மேல் முதலில் வைக்கோல் மஞ்சள் வரும், பிறகு பழுப்பு, அதன் பின்னால் ஊதா, கடைசியில் நீலம். நான்கும் வரிசை கட்டி நகரும். வாயின் ஓரத்தைப் பழுப்பு தாண்டி ஊதா தொடும்போது, அதாவது 270 டிகிரி வாக்கில், முழு உளியையும் எண்ணெயில் இறக்கிவிடுங்கள். மஞ்சளிலேயே நிறுத்தினால் வாய் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். நீலம் வரும்வரை விட்டால் மழுங்கிக்கொண்டே இருக்கும்.

சுத்தியல் அடி படும் மேல்முனைக்குத் தோய்ச்சல் கூடாது, மென்மையாகவே இருக்கட்டும். நாளடைவில் அது காளான்போல விரியும், அவ்வப்போது அராவி எடுத்துவிடுங்கள். அந்த விளிம்பு தெறித்தால் கண்ணில்தான் வந்து விழும்.

பல் வெட்டும்போது அரிவாள் தோய்க்காமல் மென்மையாக இருக்க வேண்டும். பட்டடையின் மேல் ஒரு பித்தளைத் தகட்டை வைத்து அதன் மேல் அரிவாளைக் கிடத்துங்கள். உளியைச் சற்றுச் சாய்த்துப் பிடித்து ஒரே அடி. சாய்வின் பக்கம் இரும்பு ஒரு மயிரிழை மேடாக எழும். அடுத்த வெட்டுக்கு உளியை அரிவாளோடு ஒட்டி முந்தைய வெட்டை நோக்கி நகர்த்தினால் அந்த மேட்டில் இடிக்கும். இடித்த இடத்தில் நிறுத்தி அடி. அளவுகோல் வேண்டாம், கண்கூட வேண்டாம், இடிக்கிற உணர்ச்சியே இடைவெளியைக் காட்டிவிடும். பெரியப்பா இந்த வேலையைச் செய்துகொண்டே வாசலில் போகிறவரிடம் பேசிக்கொண்டிருப்பார், ஒரு பல்லும் பிசகாது. பல்லின் முகம் பிடியைப் பார்க்க வேண்டும், அரிவாளை இழுத்துத்தானே அறுக்கிறோம். வெட்டு ஒரு முகத்தில் மட்டும். மறுமுகம் வழவழவென்று இருக்கட்டும், தீட்ட வேண்டியது அந்தப் பக்கத்தைத்தான். வெட்டி முடித்த பிறகு அரிவாளை எண்ணெயில் தோய்த்து இளக்கம் கொடுங்கள், அதாவது உடையாமல் இருக்கத் திரும்பச் சற்றுச் சூடாக்குங்கள்.

இப்போதைக்கு வேண்டாதவை

பவர் ஹேமர், பல பள்ளங்கள் கொண்ட பெரிய அச்சுக் கட்டை, கொம்பு வைத்த ஐம்பது கிலோ பட்டடை. எல்லாம் நல்ல கருவிகள்தான். ஆனால் ஒரே மாதிரி வேலை மாதத்துக்கு நாற்பது வரும்போது வாங்கினால் போதும். ஒரு வேலையை மூன்று முறை செய்து, மூன்று முறையும் ஒரே இடத்தில் கை திணறினால் அங்கே ஒரு கருவி வேண்டும் என்று அர்த்தம். அந்தக் கருவியைச் சுண்ணாம்புக் கட்டியால் தரையில் வரைந்து பாருங்கள், பிறகு உலையை மூட்டுங்கள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் நான் எல்லாவற்றையும் கழுவி, எண்ணெய் தடவி, வரிசையாகப் பரப்பிவைப்பேன். பொட்டு வைக்கும்போது எது கையில் பழகியது, எது தூசியோடு கிடந்தது என்று தெரிந்துவிடும். இரண்டு வருடம் தொடாத கருவி என்றால் பூஜை முடிந்து உலையை மூட்டும் முதல் நாளில் அதையே உள்ளே போடுவேன். போன முறை கம்பி வளைக்கும் கவை இரண்டு அப்படிப் போயின. இப்போது அவை சுவரில் கொக்கிகளாக இருக்கின்றன, குறடுகள் அதில்தான் தொங்குகின்றன.